ஒருநாள் முகாமில் குழு உருவாகாது

அரசு அலுவலகமோ தனியார் ஆலையோ, 'பயிற்சி' என்றதும் நம் நாட்டில் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்ட அரங்கு ஏற்பாடாகும். ஒன்றியத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் என வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். நோட்டும் பேனாவும் வைத்த பை ஒன்று கைக்கு வரும். பதினொரு மணிக்குத் தேநீர், ஒரு மணிக்குச் சாப்பாடு, இடையில் திரையில் படம் போட்டு ஒருவர் பேசுவார். 'ஒன்றுபட்டுச் செயல்படுவோம்' என்ற வாசகம் அதில் எங்காவது தவறாமல் இருக்கும். மாலையில் பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் பயிற்சி முடிந்தது. மறுநாள் காலை அந்த இரண்டு பேர் தங்கள் அலுவலகத்துக்குப் போகிறார்கள். கூட வேலை பார்க்கும் மற்ற எட்டுப் பேரும் முந்தாநாள் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்கிறார்கள். யாரிடம் எதைக் கேட்கலாம், யார் முன்னால் எதைச் சொல்லக்கூடாது என்ற எழுதாத விதிகளும் அப்படியே இருக்கின்றன. ஒரு வாரத்தில், பயிற்சிக்குப் போய்வந்தவர்களும் பழைய தடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அறிக்கையில் மட்டும் 'பயிற்சி பெற்றோர்' எண்ணிக்கையில் இரண்டு கூடியிருக்கும்.

தவறு பேசியவரிடமும் இல்லை, கேட்டவர்களிடமும் இல்லை. தனி ஆளைக் கூப்பிட்டுக் குழு வேலையைக் கற்றுக்கொடுக்க நினைப்பதில் இருக்கிறது. தட்டச்சு செய்வதை ஒருவருக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்கலாம், ஊசி போடுவதையும் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து முடிவெடுப்பது, ஒருவர் செய்த பிழையை இன்னொருவர் மனம் நோகாமல் சுட்டிக்காட்டுவது, வேலையைப் பங்கிடுவது, சண்டை வந்தபின்னும் மறுநாள் சேர்ந்து உட்காருவது ஆகியவை அந்தப் பத்துப் பேருக்கு நடுவில் மட்டுமே உண்டாகும் பழக்கங்கள். அவர்களை வேலை நடக்கும் இடத்திலேயே, வேலை நடக்கும்போதே, மாதக்கணக்கில் கூடவே இருந்து பழக்கினால்தான் அவை படியும். அப்படிக் கூட இருந்து பழக்குகிறவரை இங்கே பயிற்றுநர் என்று குறிப்பிடுகிறேன். இதற்கான சான்றைத் தேடி அமெரிக்க நிர்வாகவியல் கல்லூரிகளுக்குப் போகவேண்டியதில்லை. அவர்களிடமும் சான்று இருக்கிறது, பிறகு பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.5 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழகத்தின் கடைசி இடத்தில் நின்ற தருமபுரி மாவட்டம், குழுப் பயிற்சியில் முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ள மாவட்டம்.

1989 செப்டம்பரில், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கிய இடம் தருமபுரி. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்தைய பெரிய தருமபுரி அது. திட்டம் பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் போய், 1997-98இல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதற்கும் பரவியது. இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சேமிப்புத் தொகையையும் வங்கிக் கடனையும்தான் சொல்வார்கள். கடன் கொடுப்பது வங்கிக்குப் புதிய வேலையல்ல. புதியதாக இருந்தது அதற்கு முன்னால் நடந்த வேலை. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள். அவர்களில் பலருக்கு அதுவரை குடும்பத்துக்கு வெளியே யாருடனும் சேர்ந்து முடிவெடுத்த வழக்கமே கிடையாது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் பல குழுக்களில் இரண்டு மூன்று பேர்தான். இவர்களை ஒரு குழுவாக்க, தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்கள் தெருவுக்கே வந்தார்கள். ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடாமல், கூட்டத்துக்குக் கூட்டம் வந்தார்கள்.

அந்தக் களப்பணியாளர் செய்த வேலையைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் நல்ல பயிற்றுநரின் தொழில் முழுவதும் அதில் இருக்கிறது. எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். வரிசையாக உட்கார்ந்தால் முன்வரிசை பேசும், பின்வரிசை கேட்கும். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர் என்று குழுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளச் செய்தார். அந்தப் பொறுப்பு ஆள் மாறி ஆள் சுழலவேண்டும் என்றார். தீர்மான நோட்டு, சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேடு ஆகியவற்றை எழுதச் சொல்லிக்கொடுத்தார். முதல் கடன் யாருக்கு என்ற கேள்வி எழும்போதுதான் குழு உண்மையில் குழுவாகும், அல்லது உடையும். ஒரு வீட்டில் மருத்துவச் செலவு, இன்னொரு வீட்டில் பள்ளிக் கட்டணம், மூன்றாவது வீட்டில் ஆடு வாங்க ஆசை. உண்டியலில் இருப்பதோ ஒருவருக்குத்தான் போதும். அனுபவமில்லாத களப்பணியாளர் அந்த நேரத்தில் தானே தீர்ப்புச் சொல்லிவிடுவார். தேர்ந்தவர் வாய்மூடி இருப்பார். பேசாமல் இருப்பவரைப் பார்த்து 'நீங்க என்ன நினைக்கிறீங்கக்கா?' என்று ஒரு கேள்வி மட்டும் கேட்பார். ஆறு மாதம் கழித்து வங்கியும் மகளிர் திட்ட அலுவலர்களும் வந்து, கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பும் உள்கடனும் முறையாக இருக்கின்றனவா, நோட்டு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். அதில் தேறிய பிறகுதான் வெளிக்கடன். பணம் முதலில் வந்து குழு பிறகு உருவாகவில்லை. குழு உருவானதைப் பார்த்துப் பணம் வந்தது. இந்த வரிசைதான் முக்கியம்.

இதே வரலாறு எதிர்ப்பக்கச் சான்றையும் தருகிறது. மாநிலம் முழுவதும் எண்ணிக்கை இலக்கு வைத்துக் குழுக்கள் தொடங்கப்பட்ட காலங்களில், களப்பணியாளருக்கு நேரம் இல்லாமல் போனது. நோட்டைத் தானே எழுதிக்கொடுத்தார், அல்லது படித்த ஊக்குநர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். பொறுப்பு சுழலவில்லை. கடன் வாங்குவதற்காக மட்டும் கூடி, கடன் வந்ததும் கலைந்த குழுக்கள் எந்த ஊரிலும் உண்டு. அதிக வட்டி நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது முதலில் சரிந்தவையும் இத்தகைய பெயரளவுக் குழுக்களே என்பது என் கணிப்பு. சட்டமும் திட்டமும் வங்கியும் ஒன்றே. பழக்கிய விதம்தான் வேறு. குழுக்களின் தரம் அங்கிருந்துதான் பிரிந்தது.

சேமிப்புக் குழுவை வேலையிடக் குழுவோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வேலையிடத்துக்கு இன்னும் நெருக்கமான சான்றும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 2004-05 முதல் 2006-07 வரை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்தியது. சொட்டுநீரில் உரம் கலந்து பாய்ச்சுவது, குழித்தட்டில் நாற்று வளர்ப்பது, உளிக்கலப்பையால் அடிமண்ணைத் திறப்பது என்று தொழில்நுட்பங்கள் பல. அவற்றில் எதுவும் அன்று உலகுக்குப் புதிதல்ல. விரிவாக்கப் பணியாளர்கள் துண்டறிக்கையில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவை. திட்டத்தில் புதிது என்னவென்றால், விஞ்ஞானிகள் பருவம் முழுவதும் தோட்டத்துக்கு வந்து நின்றார்கள். விவசாயிகள் தனித்தனியாக அல்லாமல் சங்கமாகச் சேர்ந்து கற்றார்கள், இடுபொருள் வாங்கினார்கள், விலை பேசினார்கள். முதல் ஆண்டு சேர்ந்தவரின் தோட்டம் இரண்டாம் ஆண்டு சேர்ந்தவருக்குப் பாடமானது. தருமபுரியில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த முறைக்கு மாறியவர்களின் தக்காளி விளைச்சல் 80 விழுக்காடும் கத்தரி விளைச்சல் 34 விழுக்காடும் கூடியதாகக் கணக்கிட்டது. பாலக்கோடு தக்காளிச் சந்தையில் விலை எப்படி ஆடும் என்று தெரிந்தவர்களுக்கு, விளைச்சலைவிடச் சேர்ந்து விற்கும் பழக்கமே பெரிய லாபம் என்பதும் தெரியும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு நியாயமானது: அது மானியத்தின் வெற்றி, பயிற்சியின் வெற்றி இல்லை. முதல் ஆண்டில் செலவு முழுவதையும் அரசு ஏற்றது, அடுத்த ஆண்டு 90 விழுக்காடு, மூன்றாம் ஆண்டு 80 விழுக்காடு. இவ்வளவு கொடுத்தால் யார்தான் சேரமாட்டார்கள்? அதே 2008 ஆய்வும், இந்த முறைக்கு மாறாதவர்கள் மாறாததற்குப் பணமும் கடன் வசதியும் இல்லாததே முதன்மைக் காரணம் என்று சொல்கிறது. எனவே மானியத்தை ஒதுக்கிவிட்டுப் பயிற்சியை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் மறுபக்கத்தையும் எண்ணிப்பாருங்கள். சொட்டுநீருக்கு மானியம் தமிழகம் முழுவதும் பல ஆண்டுகளாகக் கிடைக்கிறது. குழாய் வந்து இறங்கி, இரண்டு பருவத்தில் அடைப்பு விழுந்து, வரப்போரம் சுருட்டிக் கிடப்பதைப் பார்க்காத வட்டாரம் உண்டா? கருவி வாங்கப் பணம் வேண்டும். கருவியைப் பத்துப் பேர் சேர்ந்து ஒழுங்காகப் பயன்படுத்தும் பழக்கம் பணத்தால் வராது. பணம் இல்லாமல் பயிற்சி தொடங்கவே முடியாது, பயிற்சி இல்லாமல் பணம் தங்காது என்பதே தருமபுரித் தோட்டங்களிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு.

இதே மாவட்டத்தில், அரூர் பக்கம் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கி பள்ளத்தாக்கில், இதைவிட நீண்ட காலம் ஒரு குழு வளர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993 வாக்கில் அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் வேலையைத் தொடங்கியபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்துகொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து பட்டம் பெற்ற செவிலியர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து தங்கமாட்டார்கள். ஆகவே அங்குள்ள பழங்குடிப் பெண்களையே எடுத்து, மருத்துவமனையில் வேலை பார்க்கப் பார்க்கவே பல ஆண்டுகள் பழக்கினார்கள். ஊர்களில் இருக்கும் மூத்த பெண்கள் சுகாதாரத் துணைவர்களாகப் பழக்கப்பட்டார்கள். இன்று அது அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை; குழந்தை இறப்பு விகிதம் பழைய அளவின் ஒரு சிறு பங்காகிவிட்டது. தமிழகம் முழுவதிலும் அதே காலத்தில் குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எல்லாப் புகழையும் ஒரு மருத்துவமனைக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கடைக்கோடியில் ஒரு பள்ளத்தாக்கு மாநிலத்தோடு சேர்ந்து முன்னேறியதற்கு, பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்களும் ஒரு மருத்துவக் குழுவின் உறுப்பினராக முடியும் என்று நம்பிய ஒரு முறை காரணமாக இருந்தது. அந்த நம்பிக்கை வகுப்பறையில் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு பிரசவத்திலும் பக்கத்தில் நின்றது.

இனி வெளியுலகத்துக்கு வருவோம். வேலையிடக் குழுக்களைப் பற்றி ஆராய்ந்தவர்களில் முன்வரிசையில் இருந்த ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக்மன், பயிற்சிக்கு மிகச் சிறிய இடமே கொடுத்தவர். ஒரு குழு எப்படிச் செயல்படும் என்பதில் 60 விழுக்காடு அதை அமைத்த விதத்திலும், 30 விழுக்காடு அதைத் தொடங்கிவைத்த விதத்திலும், 10 விழுக்காடு மட்டுமே பிறகு கொடுக்கும் பயிற்சியிலும் இருக்கிறது என்று அவர் தோராயமாகக் கணக்குச் சொன்னார். ரூத் வேக்மன் ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரப் பராமரிப்புக் குழுக்களை ஆராய்ந்து 2001இல் சொன்னதும் இதேதான்: ஒழுங்காக அமைக்கப்பட்ட குழுவுக்கு நல்ல பயிற்சி கை கொடுக்கும், தாறுமாறாக அமைந்த குழுவை எந்தப் பயிற்றுநராலும் தூக்கிநிறுத்த முடியாது. என் வாதத்துக்கு இது எதிரானதாகத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. தருமபுரிக் களப்பணியாளர் செய்த வேலையில் பெரும்பகுதி, ஹேக்மனின் கணக்கில் அமைப்பதும் தொடங்கிவைப்பதும்தான்: எத்தனை பேர், யார் யார், என்ன விதி, யாருக்கு என்ன பொறுப்பு, நோட்டு யாரிடம். பயிற்றுநரை எல்லாம் முடிந்தபின் வரவழைக்கும் அலங்காரமாக வைத்துக்கொண்டால் பத்து விழுக்காடுதான் மிஞ்சும். குழு பிறக்கும் நாளிலிருந்து கூட வைத்துக்கொண்டால் கணக்கு மாறும். ஹேக்மனும் வேக்மனும் 2005இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதற்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு. தொடக்கத்தில் ஊக்கத்தையும், பாதிவழியில் வேலை செய்யும் முறையையும், முடிவில் கற்றதைத் தொகுப்பதையும் பற்றிப் பேசினால் குழு காதுகொடுக்கும். நேரம் மாறினால் அதே பேச்சு வீண். ஆண்டு முடிவில் நிதி மிச்சம் இருக்கிறதே என்று மார்ச் மாதத்தில் பயிற்சி வைக்கும் நம் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான மறுப்பு கிடைக்காது.

என் வாதத்துக்குப் பெரிய சோதனை உத்தரப் பிரதேசத்திலிருந்து வருகிறது. 2014 முதல் 2016 வரை அங்கே 120 அரசுச் சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு ஒரு பெரும் ஆய்வு நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலைப் பாதி நிலையங்களில் அறிமுகப்படுத்தி, எட்டு மாதம் பயிற்றுநர்கள் நேரில் வந்து செவிலியர்களோடும் பொறுப்பாளர்களோடும் நின்றார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் விவரம் சேகரிக்கப்பட்டது. பயிற்சி தொடங்கி இரண்டு மாதத்தில், செய்யவேண்டிய முக்கியப் பணிகளில் ஏறக்குறைய 73 விழுக்காடு பயிற்சி நடந்த இடங்களில் செய்யப்பட்டன. மற்ற இடங்களில் 42 விழுக்காடுதான். பயிற்றுநர்கள் விடைபெற்று நான்கு மாதம் ஆனபின் 62க்கு இறங்கியது. அப்போதும் மற்ற இடங்களைவிட மேலேதான் இருந்தது. ஆனால் 2017இல் முடிவு வெளியானபோது எல்லோரையும் திகைக்கவைத்த செய்தி வேறு: தாய் சேய் இறப்பிலும் கடுமையான சிக்கல்களிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

இந்த ஆய்வை மறைத்துவிட்டுக் குழுப் பயிற்சிக்காகப் பேசுவது எளிது. ஆனால் இதைப் போல் வேறெதுவும் நமக்குக் கற்றுக்கொடுக்காது. மனிதர்கள் வேலை செய்யும் விதத்தைப் பயிற்சி மாற்றுகிறது என்பது இதில் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. ஒருநாள் முகாம் எதுவும் இவ்வளவு மாற்றத்தைக் காட்டியதாக நான் படித்ததில்லை. பயிற்றுநர் போனபின் பழக்கம் மெல்லத் தேய்கிறது என்பதும் தெரிகிறது. எனவே விட்டுவிட்டு வருவதற்கு ஏற்பாடு வேண்டும், மொத்தமாக விலகிவிடக்கூடாது. மூன்றாவதாக, சிக்கலான பிரசவத்தைக் கையாளும் திறமை, ரத்தம், மருந்து, பெரிய மருத்துவமனைக்கு நேரத்தில் அனுப்பும் வசதி ஆகியவை இல்லாத இடத்தில், பட்டியலை எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றினாலும் உயிர் காக்க அது போதாது. ஹேக்மனின் அறுபது விழுக்காடு அங்கே இல்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்து விநியோகமும், இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008இல் வந்த தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும் இங்கே அந்த அடித்தளத்தில் பெரும்பகுதியைப் போட்டுவைத்திருக்கின்றன. அடித்தளம் உள்ள இடத்தில்தான் பயிற்சி பலன் கொடுக்கும் என்றால், பலன் கிடைக்கக்கூடிய இடம் நம்முடையது. இது அனுமானம்தான், சோதித்துப் பார்க்கத் தகுந்த அனுமானம்.

'ஆளே இல்லாத இடத்தில் பயிற்சி என்ன வேண்டிக்கிடக்கிறது? காலிப் பணியிடத்தை நிரப்புங்கள்' என்று ஊழியர் சங்கங்கள் சொல்வதும் காதில் விழுகிறது. அவர்கள் சொல்வது சரி. ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்யும் இடத்தில், 'சேர்ந்து செயல்படுவது எப்படி' என்று பாடம் நடத்துவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. லாபம் யாருக்கு என்ற கேள்வியும் உண்டு. பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத் தொடர்பு, நேர நிர்வாகம், பிரச்சினை தீர்த்தல் போன்றவற்றில் கொடுத்த பயிற்சியைப் பொருளியலாளர்கள் அளந்தபோது, பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் 13.5 விழுக்காடு கூடியிருந்தது. அவர்களுடைய கூலியோ ஒரு விழுக்காடுகூட உயரவில்லை. ஆதாயம் பெரும்பாலும் நிறுவனத்துக்கே போயிற்று. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும் பெண்களின் குடும்பங்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கவேண்டும். பயிற்சியால் கூடும் உற்பத்தியில் பங்கு கேட்பது தொழிலாளியின் உரிமை. அந்தப் பங்கு கிடைக்காவிட்டால் அடுத்த பயிற்சியை அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். ஆயினும் இவையெல்லாம் பயிற்சி எந்த நிபந்தனையில் நடக்கவேண்டும் என்பதற்கான வாதங்கள். பயிற்சியே வேண்டாம் என்பதற்கான வாதங்களாக இவற்றை எடுத்துக்கொள்ள முடியாது.

அதிகம் பேசப்படாத இன்னொரு தடையும் உண்டு: படிநிலை. நம் அலுவலகத்தில் மேலே இருப்பவர் பேசும்போது கீழே இருப்பவர் பேசமாட்டார். பதவியோடு சாதி, பாலினம், வயது எல்லாம் சேர்ந்துகொள்ளும். எமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு விந்தையைக் கண்டார். உறவு நன்றாக இருந்த குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் பிழை செய்தார்கள் என்பதைவிட, பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே காரணமாக இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தருமபுரியின் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், தவறான மருந்தளவை ஒரு துப்புரவுப் பணியாளர் கவனித்துவிட்டால், மருத்துவரிடம் அவரால் சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் குழுவின் தரம் தெரிந்துவிடும். சுய உதவிக் குழுக்களும் பெரும்பாலும் தெரு எல்லைக்குள், அதாவது சாதி எல்லைக்குள்தான் அமைந்தன. வட்டமாக உட்காரவைத்துவிட்டால் ஊரின் பிரிவுகள் கரைந்துவிடும் என்று யாரும் நம்பவேண்டாம். வேலையிடத்தில் மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு: அங்கே வெவ்வேறு தெருவைச் சேர்ந்தவர்கள் ஒரே வேலைக்காகக் கூடியே தீரவேண்டியிருக்கிறது. மேலதிகாரியையும் வட்டத்துக்குள் உட்காரவைக்காத பயிற்சி அந்த வாய்ப்பை வீணாக்கும்.

இப்போது இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சேமிப்புக்காகத் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று அரசின் வேலைக்குழுக்களாகிவிட்டன. 2021 ஆகஸ்டில், பழைய தருமபுரியின் பகுதியான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்களும் அந்தக் குழுக்களின் உறுப்பினர்களே. பள்ளி மணி அடிக்கும் முன் சூடான உணவு தட்டில் விழவேண்டும். ஒருவர் வராவிட்டால் யார் வருவது, மளிகை இருப்பை யார் பார்ப்பது, ருசி குறைந்தால் தலைமையாசிரியர் யாரிடம் சொல்வது, சொன்னால் அது புகாராகிவிடுமா என்று தினம் எழும் கேள்விகள் எல்லாமே குழு வேலையின் கேள்விகள். சமையல் சுத்தம் பற்றியும் செயலியில் பதிவிடுவது பற்றியும் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. ஆனால் சமைப்பவர்கள், தலைமையாசிரியர், பொறுப்பு அலுவலர் எல்லோரையும் ஒரே குழுவாக உட்காரவைத்துப் பழக்கும் வேலையைச் செய்ய யாருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது?

செலவு அதிகம் என்பார்கள். ஒருநாள் முகாமைவிட ஆறு மாதம் கூடவே இருப்பதற்குத் தலைக்குக் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால் ஒப்பிடவேண்டியது தலைக்கு ஆகும் செலவை அல்ல, மாறிய குழு ஒன்றுக்கு ஆன செலவை. ஒன்றும் மாறாத முகாம் எவ்வளவு மலிவாக நடந்தாலும் அது வீண்செலவே. வெளியூர் நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்து ஆங்கிலப் பட்டியலோடு ஆலோசகர்களை இறக்கவேண்டிய அவசியமும் கிடையாது. இருபது முப்பது ஆண்டுகள் குழு நடத்தி, உடைந்த குழுவைச் சேர்த்துவைத்து, வங்கி மேலாளரிடம் வாதாடி வென்ற பெண்கள் இந்த மாவட்டத்தின் ஊர்களில் இருக்கிறார்கள். அரசின் ஊரக வாழ்வாதார இயக்கம் அவர்களில் சிலரைச் சமுதாயப் பயிற்றுநர்களாக ஏற்கெனவே பயன்படுத்துகிறது. துல்லியப் பண்ணையத்தில் முதலில் பழகிய விவசாயிகளும் அப்படியே. அவர்கள் சுய உதவிக் குழுவுக்கு மட்டும்தான் சொல்லித்தர வேண்டும், சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் படித்தவர்தான் வரவேண்டும் என்று யார் விதித்தது?

பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று ஏதாவது ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு ஓராண்டு செய்துபார்க்கலாம். அந்த ஒன்றியத்தின் ஒருநாள் முகாம்களுக்கு ஆகும் பணத்தில் பாதியை எடுத்து, காலை உணவுக் குழுக்களுக்கும் ஒன்றிரண்டு சுகாதார நிலையங்களுக்கும் ஆறு மாதம் பயிற்றுநர்களை அனுப்பலாம்: முதல் மாதம் வாரந்தோறும், பிறகு மாதம் இருமுறை, கடைசியில் கூப்பிட்டால் மட்டும். ஒன்றியத்தில் பயிற்சி தராத குழுக்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அளக்கவேண்டியவையும் எளியவை: எத்தனை நாள் உணவு நேரத்துக்கு வந்தது, எத்தனை பேர் வேலையை விட்டு நின்றார்கள், எத்தனை பிழைகள் குழுவாலேயே சொல்லப்பட்டன. பயிற்றுநர் விலகி ஆறு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை அளக்கவேண்டும், உத்தரப் பிரதேச ஆய்வு அதைத்தான் வலியுறுத்துகிறது. இதில் ஒரே ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தக்கூடாது: குழுவுக்குள் கேட்டதைப் பயிற்றுநர் மேலதிகாரிக்கு அறிக்கையாக எழுதக்கூடாது. எழுதினால் அவர் ஆய்வாளராகிவிடுவார். ஆய்வாளர்கள் நம்மிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள்.